நாற்பத்தொன்றாவது வாசனை

ஞானசிகாமணிக்கு மூக்கு போனது, அவருடைய மனைவி ரோஸ்லெட் இறந்து பதினொரு மாதம் கழித்து. அந்த வருஷம் பரவிய காய்ச்சலில் நாகர்கோவிலில் நிறையப் பேருக்கு வாசனை தெரியாமல் போயிற்று. பலருக்கு ஆறு மாதத்தில் திரும்பி வந்தது. அவருக்கு வரவில்லை.

வெட்டூர்ணிமடத்தில் அவருக்கு ஒரு பேக்கரி இருந்தது. மாவு புளித்த பதத்தை முப்பது வருஷமாக மோந்தே சொல்லிவந்த மனிதர், இப்போது கடிகாரத்தைப் பார்த்து ரொட்டி சுட்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ரோஸ்லெட்டின் நைட்டிகள் இரண்டைத் துவைக்காமல் பாலித்தீன் உறையில் போட்டு பீரோவில் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்பும் முன் உறையைத் திறந்து, ஒரே ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டு மூடிவிடுவார். காய்ச்சலுக்குப் பிறகு அது வெறும் துணியாகிவிட்டது.

மகள் பெனிட்டா வாங்கி மோந்து பார்த்தாள். "இருக்குப்பா, லேசா இருக்கு" என்றாள். அடுத்த வருஷம் அவளும் உதட்டைப் பிதுக்கினாள்.

அந்தச் சமயத்தில்தான் செயற்கை நாசி வந்தது. மூக்குத் துவாரத்தில் மிளகளவு ஒரு உணரி. புருவத்துக்குப் பின்னால் தலைமுடியைவிட மெல்லிய ஒரு கம்பி. உணரி கண்டுபிடிப்பதைக் கம்பி மூளைக்குத் துடிப்பாகச் சொல்லும். இரண்டு வருஷம் யோசித்துவிட்டு அவரும் வைத்துக்கொண்டார். திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் செய்த டாக்டர் தமிழில் பொறுமையாக விளக்கினார்.

"கம்பி வேலை செய்யும். ஆனா எந்த வாசனைக்கு எந்தத் துடிப்புன்னு நாம சொல்லிக் கொடுக்கணும். கம்பெனி அறுபது வாசனைக்குக் கோப்பு போட்டுத் தந்திருக்கு. சுமாராத்தான் இருக்கும். பழகிடும்."

பழகவில்லை. காப்பிக்கும் சைக்கிள் டியூபுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மல்லிகை, மருந்து பாட்டிலைத் திறந்த மாதிரி இருந்தது. சொந்தக் கடையின் கேக் அழுகிய முட்டையாக நாறியதால் ஒரு வாரம் சாதமும் மோரும் மட்டும் சாப்பிட்டார். பெனிட்டாதான் இணையத்தில் தேடி, இதேபோல அவதிப்படுகிறவர்களின் குழு ஒன்றைக் கண்டுபிடித்தாள். அதன் பெயர் 'மூக்குடைந்தோர் சங்கம்'. முந்நூற்று நாற்பது பேர். மதுரையிலிருந்து பினாங்கு வரை இருந்தார்கள். குழுவை நடத்தியவர் யாழ்ப்பாணத்தில் ஒரு தபால் அதிகாரி. அவர் பெயர் சுகந்தி. 'இப்படி ஒரு பேரை வைத்துக்கொண்டு வாசம் தெரியாமல் இருப்பவள்' என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார்.

சங்கத்தில் எல்லோரும் முதலில் கேட்கும் பெயர் மங்கையர்க்கரசி. மதுரை ஆரப்பாளையத்துக்காரர், ஒரு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். நாற்பத்தாறு வயது. காய்ச்சலுக்கு முன் தான் மோந்த ஒவ்வொன்றையும் துல்லியமாக ஞாபகம் வைத்திருந்தார். கம்பெனி கொடுத்த மருந்து பாட்டில் மல்லிகையை எடுத்து, துடிப்பை ஏற்றி, இறக்கி, இரண்டு மாதம் போராடி உண்மையான மல்லிகையாக மாற்றினார். அதைக் குழுவில் போட்டார். முந்நூறு பேர் அதைத் தங்கள் கம்பியில் ஏற்றிக்கொண்டார்கள், பாதிப் பேர் அழுதார்கள். அதன்பின் எலுமிச்சை, தாளித்த கடுகு, புதுப் பாடப்புத்தகம், மண்ணெண்ணெய், குழந்தையின் உச்சந்தலை என்று மூன்று வருஷத்தில் ஆயிரத்து நூறு கோப்புகள். ஒன்றுக்கும் காசு வாங்கவில்லை.

ஞானசிகாமணி சேர்ந்த மூன்றாம் நாள் மங்கையே போனில் கூப்பிட்டு ஈஸ்ட் வாசனையை அனுப்பினார். கடைக்குள் நின்று அதைப் போட்டவர், மாவுத் தொட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நிமிரவில்லை. மறுநாள் அவரே மங்கையைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒரு ஆளோட வாசன செய்ய முடியுமா?"

"யாருண்ணே?"

"எம் பொண்டாட்டி. செத்து நாலு வருசமாச்சு."

மறுமுனையில் மங்கை பேனாவைத் தேடி எடுக்கும் சத்தம் கேட்டது.

"செஞ்சு பாக்கலாம்ணே. அண்ணிய நா பாத்ததே இல்லையே, நீங்க சொல்லச் சொல்லத்தான் சேக்கணும். ஆனா ஒண்ணு. எலுமிச்சைக்குத் தப்பாப் போட்டுட்டா நாளைக்கு ஒரு எலுமிச்சம்பழத்த வச்சுத் திருத்திக்கலாம். அண்ணிய வச்சுத் திருத்த முடியாது. நா அனுப்புறத சும்மா எத்தன வாட்டி வேணாலும் ஓட்டிப் பாருங்க. 'சரி'ன்னு மட்டும் அவசரப்பட்டு அமுக்கிராதீங்க. அமுக்கிட்டா கம்பி அதத் தூக்கத்துல திரும்பத் திரும்ப ஓட்டும். நாப்பது ராத்திரி. அதுக்கப்புறம் மூளை இதுதான் பழைய ஞாபகம்னு வச்சுக்கும். உண்மையானது போயிரும்."

"நா அவசரப்பட மாட்டேன்."

"எனக்காகப் பாவம் பாத்தும் அமுக்கக் கூடாது."

"உனக்கென்ன பாவம் பாக்க?" என்று சிரித்தார்.

பதினோரு மாதம் இது நடந்தது. மங்கை கேள்வி கேட்பார். அண்ணி தலைக்கு என்ன எண்ணெய்? காய்ச்சியதா, கடையில் வாங்கியதா? என்ன பவுடர்? அடுப்படியிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? காய்ச்சல் வந்தால்? ஞானசிகாமணி இதுவரை யாரிடமும் சொல்லாத விஷயங்களை, ரோஸ்லெட் பிரசவத்துக்குப் பின் இரண்டு மாதம் பேசாமல் இருந்ததை, தான் ஒருமுறை கோபத்தில் தட்டை எறிந்ததை, எல்லாம் வாசனையைச் சொல்கிற சாக்கில் சொல்லிவிட்டார். ஒவ்வொரு கோப்பும் 'ஞானண்ணன் 1', 'ஞானண்ணன் 2' என்று வந்தது. அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "நெருங்கிட்டு தங்கச்சி, ஆனா அவ இல்ல" என்பார். "அப்ப விடுங்க, அடுத்ததுல பாப்போம்" என்பார் மங்கை. நாற்பதாவது கோப்பு வந்தபோது, "இன்னும் ஒரு சாண்தான்" என்றார் ஞானசிகாமணி.

ஆறு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை பிற்பகல், மங்கையர்க்கரசி வீட்டில் மாரடைப்பில் இறந்துபோனார்.

செய்தியைச் சுகந்திதான் குழுவில் போட்டார். பிறகு ஓசூரில் இருந்த ஒரு பெண் எழுதினாள்: 'என் பிள்ளை பிறந்து ஏழு மாதம் எனக்கு அவன் பொம்மை மாதிரித்தான் இருந்தான். அக்கா உச்சந்தலை வாசனையை அனுப்பிய அன்றுதான் நான் அவனுக்கு அம்மா ஆனேன்.' பினாங்கிலிருந்து ஒருவர், டுரியான் பழத்துக்குக் கோப்பு கேட்டு அக்காவைப் படுத்திய கதையை எழுதினார். மதுரையில் டுரியான் ஏது? 'அழுகின வெங்காயத்துல பாயசம் ஊத்துன மாதிரியான்னு கேட்டாங்க. ஆமான்னேன். செய்து கொடுத்தாங்க. அப்படியே டுரியான்.' ஒரு லாரி ஓட்டுநர், கேஸ் கசிவைக் கண்டுபிடித்துத் தன் வீடு பிழைத்ததை எழுதினார். எழுத்துகள் மூன்று நாள் நிற்கவில்லை. சுகந்தி ஒரே வரி எழுதினார்: 'எங்கள் எல்லோருடைய மல்லிகையும் மங்கை அக்காவின் மல்லிகை.'

ஞானசிகாமணி ஒன்றும் எழுதவில்லை. பதினாறாம் நாள் காலை, கடையைப் பெனிட்டாவிடம் விட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினார்.

மங்கையின் கணவர் தெய்வேந்திரன் மாநகராட்சித் தண்ணீர்த் தொட்டியில் பம்ப் ஆபரேட்டர். பிள்ளைகள் இல்லை. சடங்குக்கு வந்த உறவினர்கள் சாப்பிட்டுக் கிளம்பியிருந்தார்கள். ஞானசிகாமணி பெயரைச் சொன்னதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"நாகர்கோவில் அண்ணனா? வாங்கண்ணே. சாப்பிடுங்க மொதல்ல."

சாப்பிட்டு முடித்ததும் பின்னறைக்குக் கூட்டிப்போனார். அங்கேதான் மங்கை வேலை செய்வாராம். அலமாரி நிறைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று. 'பழைய ரூபாய் நோட்டு', 'பள்ளிக்கூட மணி (பித்தளை)', 'ஆடி மாச மண்' என்று பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்.

தெய்வேந்திரன் நின்றுகொண்டே பேசினார்.

"அன்னைக்குக் காலைல சண்டண்ணே. நைட் டூட்டி முடிச்சு வாரேன், அடுப்பு பத்தல, இந்த ரூம்ல கண்ண மூடி உக்காந்திருக்கா. எவனோ ஒரு ஊர்க்காரன் பொண்டாட்டி எப்படி மணத்தா உனக்கென்னடின்னு கத்திட்டேன். இன்னும் கேவலமாவும் பேசிட்டேன். அவ எதுத்துப் பேசல. 'இன்னைக்கு முடிஞ்சிரும், இதுக்கப்புறம் கொஞ்ச நாள் எதையும் எடுக்க மாட்டேன்'னா. நா போய்ப் படுத்துட்டேன். எந்திரிச்சு வந்து பாக்கேன், இந்தச் சேர்ல..."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேசை மேலிருந்த டேப்லெட்டைத் திறந்து காட்டினார். 'ஞானண்ணன் 41'. பிற்பகல் இரண்டு பத்துக்குச் சேமிக்கப்பட்டிருந்தது.

"முடிச்சிட்டான்னுதான் நெனைக்கேன். அவ பாதில விட்டதா நெனச்சா எனக்குத் தூக்கம் வரல. நீங்கதான் சொல்லணும்."

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சங்கத்தின் நினைவுக் கூட்டம். டேப்லெட்டை நடு அறையில் மங்கையின் படத்துக்கு முன்னால் வைத்தார்கள். திரையில் கட்டம் கட்டமாக இருநூற்றுப் பன்னிரண்டு பேர். சுகந்தி சொல்லிவைத்தபடி ஒவ்வொருவரும் மங்கை தங்களுக்குத் தந்த வாசனைகளில் ஒன்றைக் கையில் வைத்திருந்தார்கள். எலுமிச்சம்பழம், பாடப்புத்தகம், கற்பூரம், ஒரு ஷூ, ஓசூர்ப் பெண்ணின் மடியில் அவள் பிள்ளை. லாரி ஓட்டுநர் எங்கோ சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு டீசல் துணியோடு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் ஒருக்கா மணந்து பாருங்கோ. அக்கா இப்ப எங்கட மூக்குக்குள்ளதான் இருக்கிறா" என்றார் சுகந்தி.

இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். தெய்வேந்திரன் அதை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி இத்தனை நாள் அந்தப் பின்னறையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆளாளுக்குப் பேசினார்கள். முடிவில் தெய்வேந்திரன் டேப்லெட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அவ கடைசியா செஞ்சது ஒண்ணு இருக்கு. நாகர்கோவில் அண்ணன் வீட்டம்மா வாசனை. உங்க எல்லாருக்கும் தெரியும். அண்ணன் இங்கதான் இருக்காரு. இப்பப் போட்டுப் பாக்கப் போறாரு."

ஞானசிகாமணி இதை எதிர்பார்க்கவில்லை. தனியாக, வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கலாம் என்று நினைத்திருந்தார். எல்லாக் கட்டங்களும் அவரையே பார்த்தன. கோப்பை ஏற்றிக்கொண்டு கண்ணை மூடினார்.

முதலில் ஈஸ்ட். பிறகு தேங்காயெண்ணெய், அரைகுறையாகக் காய்ந்த முடியோடு. வியர்வையில் கரைந்த பவுடர். ரோஸ்லெட் கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருக்கும் வாசலில் வந்து நின்றேவிட்டாள். அவர் மூச்சை இன்னும் ஆழமாக இழுத்தார்.

அங்கே வேறு ஒன்று இருந்தது. நனைந்த சாக்பீஸ் போல, நீர்த்துப்போன சுண்ணாம்பு போல, குளிர்ந்த சுத்தமான ஒரு வாசனை. ரோஸ்லெட்டிடம் ஒருநாளும் அது இருந்ததில்லை. அந்த இடத்தில் அவளிடம் இருந்தது, கழுத்துக்குப் பின்னால், வெயிலில் வைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி ஒரு மங்கிய இனிப்பு. பதினோரு மாதமாக அதைத்தான் அவரால் மங்கைக்குச் சொல்லத் தெரியவில்லை; கிழங்கு என்ற வார்த்தையே இப்போதுதான் கிடைத்தது. இன்னும் இரண்டு முயற்சி, மூன்று முயற்சி கிடைத்திருந்தால் வந்திருக்கும்.

கண்ணைத் திறந்தார். தெய்வேந்திரன் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அவரையே பார்த்திருந்தார். நல்ல உயரமான மனிதர். அந்த நேரம் ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கியிருந்தார்.

"அவதான்" என்றார் ஞானசிகாமணி. "அப்படியே எம் ரோஸ்லெட்."

'சரி'யை அமுக்கினார்.

திரையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள், பலர் அழுதார்கள். தெய்வேந்திரன் அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு சத்தமாகவே அழுதார். கோப்பின் கீழே, 'ஏற்றுக்கொண்டவர்: 1' என்று வந்தது.

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் பெனிட்டா கேட்டாள், "அம்மையா அது?"

"இல்ல மக்ளே. கிட்டத்தட்ட. ஆனா இல்ல."

"பொறவு ஏன் சரின்னு போட்டிய?"

"அந்த மனுசன் மொகத்த நீ பாக்கல."

பெனிட்டாவுக்குக் கோபம் வந்தது. பார்மசி படித்தவள், விவரம் தெரிந்தவள். "நாப்பது ராத்திரி இருக்குல்லாப்பா. ஒரு ராத்திரிதானே ஆச்சு. இப்பவே எடுத்துப் போடுங்க. இல்லன்னா அம்மையோட நெசமான வாசன போயிரும்."

"எடுத்தா அந்தக் கோப்புக்குக் கீழ பூஜ்யம்னு காட்டும்."

"காட்டட்டும். யாரு பாக்கப்போறா?"

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தெய்வேந்திரன் போன் செய்தார். "டூட்டி முடிஞ்சு வந்து மொத வேலையா அதத்தாண்ணே பாத்தேன். ஒண்ணுன்னு காட்டுது. அதப் பாத்துட்டுத்தான் படுக்கப் போறேன்." அடுத்த நாளும் கூப்பிட்டார். அதற்கடுத்த நாளும். பேச அவருக்கு வேறொன்றும் இருக்காது. ஒண்ணுன்னு காட்டுதுண்ணே என்பார், வைத்துவிடுவார்.

பெனிட்டா விடவில்லை. "உண்மையச் சொல்லுங்க, அவர் தாங்கிக்கிடுவாரு" என்றாள். திருவனந்தபுரத்து டாக்டரைக் கேட்டாள். நாற்பது ராத்திரி முடிவதற்குள் எடுத்தால் பெரும்பாலும் பழையது தப்பிக்கும், அதற்கப்புறம் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார் அவர். பன்னிரண்டாம் நாள் ஞானசிகாமணி கோப்பைத் திறந்து நீக்குகிற இடம்வரை போனார். விரலை வைக்கவும் செய்தார். அப்போது போன் மணி அடிக்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை. தானாகவே விரலை எடுத்துக்கொண்டார்.

"எனக்கு அவகூட இருபத்தாறு வருசம் இருக்கு மக்ளே. அவன்கிட்ட இந்த ஒண்ணுதான் இருக்கு" என்றார்.

முதல் சில வாரங்களில் எது பொய் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. ரோஸ்லெட்டை நினைக்கும்போது சாக்பீஸ் வாசனையைக் கையால் விலக்குவதுபோல விலக்கிவிட்டு, பின்னாலிருக்கும் இனிப்பைத் தேடி எடுப்பார். முப்பதாவது நாள் வாக்கில் அதற்கு அதிக நேரம் பிடித்தது. ஒருநாள் மாவு பிசைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "மக்ளே, அம்மை கழுத்துல என்ன மாதிரி ஒரு வாசன வரும்?" என்று கேட்டார்.

"வெயில்ல வச்ச சீனிக்கிழங்குன்னு முந்தி சொன்னியளே."

"ஆமா, சீனிக்கிழங்கு" என்றார். அந்த வார்த்தைதான் அவரிடம் இருந்தது.

நாற்பது நாள் முடிந்தது. கிறிஸ்துமஸ் கேக் வேலை வந்தது. தெய்வேந்திரன் பொங்கலுக்கு நாகர்கோவில் வந்து இரண்டு நாள் தங்கிப்போனார். நன்றாகச் சாப்பிட்டார், சிரிக்கக்கூடச் செய்தார். பின்னறையிலிருந்த பாட்டில்களை எல்லாம் மங்கை வேலை பார்த்த பள்ளிக்கே கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

ஓராண்டு நினைவுநாளில் சங்கம் மறுபடி கூடியது. ஞானசிகாமணி கடையிலிருந்தே கலந்துகொண்டார். இந்த முறை சுகந்தி முதலில் அவரைத்தான் பேசச் சொன்னார். போன வருஷம் ஒரே வரியில் முடித்துக்கொண்ட மனிதர் இந்த வருஷம் கால் மணி நேரம் பேசினார். நாற்பத்தொன்றாவது கோப்பில் ரோஸ்லெட் எப்படி முழுசாக இருந்தாள் என்று சொன்னார். தன் தங்கச்சி, பார்க்காத ஒருத்தியை இவ்வளவு சரியாகப் பிடித்தது எப்படியென்று இன்றுவரை விளங்கவில்லை என்றார். திரையில் தெய்வேந்திரன் கும்பிட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்தபின் பெனிட்டா டீ கொண்டுவந்து வைத்தாள்.

"நல்லா சொன்னிய அப்பா. அவருக்குச் சமாதானமா இருக்கும்."

"சமாதானத்துக்கா சொன்னேன்? உள்ளதத்தானே சொன்னேன்."

பெனிட்டா அவரைப் பார்த்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"மதுரையிலிருந்து வந்த அன்னைக்கு வேற மாதிரி சொன்னியளே."

"சொன்னேன், சொன்னேன். ஞாபகம் இருக்கு." டீயை ஆற்றினார். "அன்னைக்கு எனக்குத்தான் பிடிபடல மக்ளே. கூட்டத்துக்கு நடுவுல, பதட்டத்துல மோந்தா என்ன வெளங்கும்? பொறவு வீட்டுல வச்சு மெல்ல மெல்லத் தெரிஞ்சுது. தங்கச்சி சரியாத்தான் செஞ்சிருக்கா. அது அம்மையேதான்."

கடைக்கு இரண்டு பேர் பன் வாங்க வந்தார்கள். பெனிட்டா கொடுத்தனுப்பிவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கும், சொல்லுங்க."

ஞானசிகாமணி கண்ணை மூடிக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது. "மொதல்ல ஈஸ்ட் வரும். பொறவு தலைக்கு வச்ச எண்ணெய். பவுடர். எல்லாத்துக்கும் பொறத்த, அவ கழுத்தண்ட, குளுந்து ஒண்ணு வரும் பாரு... மழைல நனைஞ்ச சாக்பீஸ் மாதிரி. சின்னப் பிள்ளைல நீ அதுலதான் மொகத்த வச்சுத் தூங்குவ. உனக்கு ஞாபகம் இல்லியா?"

பெனிட்டாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வெயிலில் வைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அதை அறிந்த மூக்கு இப்போது உலகத்தில் அவளுடையது ஒன்றுதான்.

"இருக்குப்பா" என்றாள். "அப்படியேதான் இருக்கும். இன்னும் சொல்லுங்க."

அவர் சொல்லிக்கொண்டே போனார். அவள் ஒரு வார்த்தையையும் திருத்தவில்லை.